கல்லில் கறுத்த முகம்

ஐப்பசி, வெள்ளி இரவு

உம்மேல தப்பில்ல மரகதம், சொன்னா கேக்க மாட்டீங்கறயே!

என் மருமகள் மரகதத்துக்குச் செம்மேட்டில் பேனர் கடை. நாளையோடு என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். மிளகுத் தோட்டத்தில் நடும் கல்லில் செதுக்க, மரகதம் அவள் முகத்தைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்தாள்.

படத்தைச் சுருக்கும்போது கோடும் சேர்ந்து மெலிய வேண்டுமா வேண்டாமா என்று வைக்க அதில் ஓர் இடம் உண்டாம். ஒவ்வொரு தடவையும் அதைத் தேட அலுத்து, கீபோர்டில் ஒரு பட்டனை அதற்கென்று அவளே வைத்துக்கொண்டாள். ஒரு தட்டில் கோடு மெலியும், மறு தட்டில் மெலியாது. அவள் டீக்குப் போனால் நான் தட்டிவிடுவேன். வந்து பார்த்து, "மாமா, உங்க கைய ஒடிக்கோணும்" என்று சிரிப்பாள்.

போன வாரமும் தட்டினேன். சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். கல் செதுக்குகிறவர் அவசரப்படுத்த, அவள் கவனிக்காமல் சுருக்கி அனுப்பிவிட்டாள்.

இன்று கல் வந்தது. முகம் சிறுத்திருக்கிறது, கோடெல்லாம் பழைய தடிமன். கண்ணும் வாயும் ஒட்டி ஒரே கறுப்பு. என் வீட்டுக்காரியின் சிரிப்பைக் காணோம்.

"அத்தையக் கரியாக்கிப் போட்டேனுங்க மாமா" என்று கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள் மரகதம்.

"நீயில்ல சாமி. நாந்தான் அந்தப் பட்டன..."

"இன்னைக்குமா வெளையாட்டு? என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்லாதீங்க மாமா."

"பொய்யில்ல கண்ணு, நீ டீக்குப் போனப்ப..."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.