நம்ம நேரம் 12.48

உனக்குத்தான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இந்த வேலையை நான் செய்ய முடியாது.

இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. காலையில் மேஜையின் கடைசி இழுப்பறையைக் காலி செய்தபோது, அடியில் ஒரு பழைய ஃபேக்ஸ் தாள் சுருண்டு கிடந்தது. அந்த வழவழத் தாளுக்கென்று ஒரு மருந்து வாசனை உண்டே, அது இன்னும் போகவில்லை. பிரித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. சூட்டில் பதிந்த எழுத்தெல்லாம் மங்கி மங்கி வெள்ளையாகிப் போயிருந்தது. மேல் மூலையில் நீ பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது: நம்ம நேரம் 12.48.

உனக்கு அது ஒரு பழக்கம். எந்த நாட்டிலிருந்து ஃபேக்ஸ் வந்தாலும், தாளைக் கிழிக்கும் முன் மூலையில் 'நம்ம நேரம்' என்று போட்டு மணியை எழுதுவாய். நம் மெஷின் அனுப்புகிறவர்களின் நேரத்தை மட்டும்தான் காட்டும். "அவங்க மணி அவங்களோட இருக்கட்டும் அம்மணி. நாம எப்ப வாங்குனோம்னு நாமதான எழுதோணும்" என்பாய். எனக்கு அப்போது அது வேலையற்ற வேலையாகத் தெரிந்தது.

நாம் இரண்டு பேரும் அந்தப் பம்பு கம்பெனியில் டெலிபோன் போர்டு பார்த்த காலம். அவினாசி ரோட்டு வண்டிச் சத்தத்துக்கு நடுவே, நம் பம்புகளை வாங்கும் ஜெர்மன்காரர் பேசும் இங்கிலீஷைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். வியாழக்கிழமைதோறும் அவருடைய காலை ஒன்பது மணிக்கு அவர் கூப்பிடுவார். போர்டுக்கு மேலே மேனேஜர் கையெழுத்திட்ட சார்ட் ஒன்று தொங்கும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபரிலிருந்து மார்ச் வரை நாலரை மணி நேரம் பின்னால் என்று அதில் டைப் அடித்திருக்கும். வெயில் காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள், குளிர் வந்தால் பழையபடி திருப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த விஷயம்.

அந்தச் சார்ட்டை வைத்துத்தான் நம் சாப்பாடு. வெயில் கால வியாழன்களில் அவர் போன் பன்னிரண்டரைக்கு வரும். சாப்பாட்டு மணி அடிப்பதும் அதே நேரம். ஆகவே ஒருத்தி போர்டில் இருக்க, ஒருத்தி போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். அக்டோபர் பிறந்துவிட்டால் போன் ஒன்றரைக்குத் தள்ளிப் போகும். பின்கட்டு வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அக்டோபரின் முதல் வியாழனை நாம் கொண்டாடுவோம். நீ அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவருவாய், மேலே நெய் மிதக்கும். எங்கோ ஜெர்மனியில் கடிகாரத்தைத் திருப்பியதற்குக் கோயமுத்தூரில் இரண்டு பெண்கள் நெய்ச்சோறு தின்பது உனக்குப் பெரிய வேடிக்கை.

தொண்ணூற்றாறாம் வருடம். அந்த வருடம் கொழும்புக்காரர்கள்கூடக் கடிகாரத்தில் கை வைத்தார்கள், நினைவிருக்கிறதா? கரண்ட் பற்றவில்லை என்று நாட்டு நேரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் ஒரே மணிதான். மேனேஜர் பேப்பரில் படித்துவிட்டு வந்து தானே சார்ட்டில் கொழும்பைத் திருத்தினார். "கரண்ட் இல்லாத ஊரு, என்ன வேணா பண்ணுவாங்க" என்று சிரித்தார். நீ என் காதருகே வந்து, "மத்தவங்க மட்டும் மாத்தாமயேவா இருப்பாங்க?" என்றாய்.

காந்தி ஜெயந்திக்கு மறுநாள் வியாழன். அக்டோபரின் முதல் வியாழன். பன்னிரண்டரைக்கு நாம் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம். தண்ணீர் எடுக்க உள்ளே போன நீ ஃபேக்ஸ் மெஷின் ஓடுவதைக் கண்டு, தாளைக் கிழித்து, மூலையில் மணியை எழுதி, என்னிடம் ஓடிவந்தாய். ஜெர்மன்காரர் கோபமாக எழுதியிருந்தார். இன்று எங்கள் நாட்டில் விடுமுறை, ஆனாலும் வழக்கம்போல ஒன்பது மணிக்கு மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்க ஆளில்லை என்று. தாளின் தலையில் அவர்கள் மணி 9.18.

நாம் அவசரமாகக் கை கழுவிவிட்டுப் போய்ப் போர்டில் உட்கார்ந்தோம். ஒன்றரைக்கும் உட்கார்ந்திருந்தோம். போன் வரவில்லை.

மேனேஜர் இரண்டு மணிக்குத்தான் வெளியிலிருந்து வந்தார். தாளைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார். அவர் கணக்கு நேராக இருந்தது. ஜெர்மன்காரர் ஒன்பதுக்குக் கூப்பிட்டேன் என்கிறார். அக்டோபரில் அங்கே ஒன்பது என்றால் இங்கே ஒன்றரை. ஆகவே ஒன்றரைக்கு நாம் இரண்டு பேரும் சீட்டில் இல்லை.

"நாங்க இருந்தமுங்க சார். ஃபேக்ஸே பன்னண்டே முக்காலுக்கு வந்துபோட்டுதுங்க. மூலையில எழுதியிருக்கேன் பாருங்க" என்றாய் நீ.

"நீ எப்ப வேணா எழுதலாம்மா. பென்சில் உன் கையில இருக்குது" என்றார்.

"அப்ப அவங்க நேரத்தை மாத்தாம இருந்திருப்பாங்கங்க. விசாரிச்சுப் பாருங்க."

"வெள்ளைக்காரன் மணி தப்பாது. நம்ம ஆளுங்கதான் தப்புவாங்க" என்றார் அவர். சாயங்காலமே நம் இருவருக்கும் மெமோ வந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு இருக்கையில் இல்லை, அதை மறைக்கத் தாளில் பொய்யாக நேரம் குறிக்கப்பட்டது, மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தராவிட்டால் மேல் நடவடிக்கை.

நான் அப்போதே கடிதம் கொடுத்தேன். இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் மில் மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆர்.எஸ்.புரத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. ஒரே மூச்சில் எழுதினேன்: ஒன்றரைக்கு இருக்கையில் இல்லாததற்கு மன்னிக்கவும். ஒன்றரைக்கு நான் இருக்கையில் இருந்தேன். என் பக்கத்தில் நீயும் இருந்தாய். என் கையெழுத்து உன்னைப் பொய்க்காரி ஆக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

நீ எழுத மறுத்துவிட்டாய். உன் வீட்டில் மட்டும் என்ன கொட்டிக் கிடந்ததா? பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்த குடும்பம். டைப்ரைட்டிங் படித்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நீ. நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கெடைச்ச சீட்டைக் காப்பாத்திக்க" என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். நீ கோபப்படவில்லை. உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய்.

"எங்கப்பன் வேலை செஞ்ச தோப்புல தோட்டக்கார மொதலாளிகிட்ட மட்டுந்தான் வாட்சு. காத்தால அது வெரசா ஓடும், சாயங்காலம் நொண்டும். அப்பன் ஒருநா வெயிலப் பாத்து, மணி ஆறாச்சுங்கன்னு சொல்லிப்போட்டாரு. வாட்சு இருக்கறவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சான்னு கேட்டு, அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடல. நாங் கையில வாட்சு கட்டுனதே அதுக்குத்தான் அம்மணி. இப்ப வந்து எம் மணி பொய்யின்னா உட்டுருவனா?"

மறுநாள் வெள்ளி. சாப்பாட்டு மணி அடித்ததும் சோற்றைத் தொடாமல் என்னை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாய். வரிசையில் நின்று நம் முறை வந்தபோது மணி ஒன்று பத்து. பூத்துக்காரருக்கு நீ கேட்டது புரியவில்லை.

"ஏனுங்க, மணி கேக்கறதுக்கா ஜெர்மனிக்குப் போன் போடறீங்க? செவுத்துல இருக்கற கடியாரத்தைப் பாருங்க, சும்மாவே சொல்லும்."

"அது நம்ம மணிங்க. எனக்கு அவங்க மணி வேணும்."

அந்த ஜெர்மன் கம்பெனியின் வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள். உன் இங்கிலீஷ் உடைந்துதான் இருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. அம்மா, அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டாய். ஒன்பது நாற்பது என்றாள். சார்ட்டின்படி அங்கே எட்டு நாற்பதுதான் ஆகியிருக்க வேண்டும். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதில் சந்தோஷம் மட்டும் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட கடிதமும் இருந்தது. பிறகு அவளிடம், அதையே எங்கள் மேனேஜர் பெயருக்கு ஃபேக்ஸில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டாய்.

அனுப்பினாள், மகராசி. நாம் ஆபீசுக்குள் நுழையும்போதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் ஐரோப்பா முழுவதற்கும் விதியை ஒன்றாக்கிவிட்டார்கள், இதுவரை செப்டம்பரில் முடிந்த கோடை நேரம் இனி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நீளும் என்று நாலு வரி. ஒரு மாதம் முழுக்கச் சார்ட் பொய். நம் சாப்பாட்டு வேளையை யாரோ எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள். நமக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "சரி, விடுங்க. இந்த முறை மன்னிச்சாச்சு" என்றார்.

எனக்கு அதுவே போதும்போல் இருந்தது. நீ நகரவில்லை. "மன்னிச்சாச்சுன்னு எழுதாதீங்க சார். தப்பு இல்லைன்னு எழுதுங்க."

அவர் எழுதவில்லை. அடுத்த திங்கட்கிழமை உன்னைப் போர்டிலிருந்து எடுத்து, சரக்கு அனுப்பும் பகுதிக்கு மாற்றினார். மரப்பெட்டிகளுக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். நீ அந்த ஸ்டூலில் உட்கார்ந்து மாதம் ஒரு கடிதம் எழுதினாய். ஒவ்வொன்றிலும் அதே ஒரு வரிக் கோரிக்கை, மூலையில் நம்ம நேரம். ஏழாவது கடிதத்துக்கு அவர் பதில் எழுதினார். தவறு ஏதும் இல்லை, மெமோ திரும்பப் பெறப்படுகிறது. அதை என்னிடம் காட்டினாய். பழைய ஃபேக்ஸையும் கேட்டு வாங்கி வந்திருந்தாய்.

"இத நீ வெச்சுக்க. எம் மெமோ போயிருச்சு. உங் கடுதாசி இன்னும் ஃபைல்ல கெடக்குது. போய்த் திருப்பி வாங்கு."

"எனக்கு எதுக்கு அது? வேலை இருக்கு, அது போதும்" என்றேன். நீ தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

நீ என்னை வெறுத்திருக்கலாம். அதற்கு உனக்கு உரிமை இருந்தது. ஆனால் அந்த அக்டோபரின் கடைசி வியாழனன்றே, உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு போசியைத் தூக்கிக்கொண்டு வந்து போர்டருகே நின்றாய். "இனிப் போனு நெசமாலுமே ஒன்னரைக்குத்தான் அம்மணி. ஜெர்மனிக்காரன் கடியாரத்தைத் திருப்பிப்போட்டான். வா, சாப்புடலாம்." நான் எழுந்து உன் பின்னால் வந்தேன்.

பிறகு எத்தனையோ மாறிவிட்டது. கொழும்பு அந்த வருடமே அரை மணி பின்னால் வந்தது, பத்து வருடம் கழித்து மறுபடி நம் மணிக்கே வந்து சேர்ந்தது. "ஊட்டுக்கு வந்துபோட்டான் பாரு" என்று நீ போனில் சொல்லிச் சிரித்தாய். ஐரோப்பாவில் கடிகாரத்தைத் திருப்புவதையே நிறுத்திவிடலாமா என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நேரம் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை, யாரோ உட்கார்ந்து எழுதுவதுதான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது கடிகாரம் அல்ல, உன் அப்பாவின் கதை.

போன வாரம் ஓய்வுக் காகிதங்களுக்காக என் பணிப்பதிவேட்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு கறுப்பு வரி. இருக்கையில் இல்லை, பொய்யாக நேரம் குறித்ததில் உடந்தை, மன்னிப்புக் கடிதம் பெறப்பட்டது. கீழே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். உன் மெமோவை நீ கிழிக்க வைத்தாய். என் பதிவேட்டில் நீ இன்னும் பொய்க்காரிதான். நான்தான் உன்னை அங்கே விட்டுவைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பர்சனல் பிரிவுப் பெண் நல்ல பிள்ளை. "மேடம், அது பழைய கதைங்க. இதனால உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லைங்க. வேணும்னா பொறுத்துக்கிட்டதா எழுதி முடிச்சரலாங்க" என்றாள்.

"பொறுத்துக்கிட்டதா எழுத வேண்டாம் கண்ணு. தப்பு இல்லைன்னு எழுது. அது வராம நான் இங்கிருந்து போக மாட்டேன்."

அவள் கடிதமாகக் கொடுக்கச் சொன்னாள். இருபத்தெட்டு வருடம் தாமதம்தான், அதற்காக எழுதாமல் விட முடியாது. ஒன்றுக்கு ஏழு எழுதவும் நான் தயார், மாதம் முடிந்தாலும் வாசலில் வந்து நிற்பேன். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை. உன் வெள்ளைத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, முதல் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். பென்சிலால் மேல் மூலையில் நேரத்தையும் போட்டுவிட்டேன்.

நம்ம நேரம் 1.30. நான் சீட்டில்தான் இருக்கிறேன்.