ஞாயிற்றுக்கிழமை மணி

பிரேசர் டவுன், பெங்களூர்
3 ஜூன் 1957

அன்புள்ள சரளாவுக்கு,

அந்த மலையில் உன்னை இத்தனை நாள் காத்த கர்த்தர் இனியும் காக்கட்டும். நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன்.

நான் இறங்கி வந்து ஏழு மாதம் ஆகிறது. கோணேமலை ஊழியத்தை மூடிவிட்டோம், இருவரும் பெங்களூர் வந்து சேருங்கள் என்று மிஷனிலிருந்து கடிதம் வந்த அன்று, பெட்டி கட்டியவன் நான் மட்டும்தான். நீ யாருடைய காலுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். பிறகு வருகிறேன் என்றாய். இரண்டு மழை பெய்து ஓய்ந்துவிட்டது. அந்தப் பிறகு எப்போது என்று நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இங்கே சந்திரம்மா என்பவள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். முன்னால் ரொட்டிக் கடை, பக்கத்தில் தையற்கடை. சந்திரம்மா நல்லவள்தான், வாய்தான் அடங்காது. நேற்று குழாயடியில் நாலு பேர் முன்னால், "என்னா ஐயரே, சம்சாரம் மலையக் கட்டிக்கினு கீது, நீங்க இந்த ரூமக் கட்டிக்கினு கீறீங்க. நல்ல குடித்தனம்பா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குருவானவருக்குரிய ஐயர் பட்டத்தைச் சபை எனக்குக் கடைசிவரை தரவில்லை. குழாயடியில் கிடைத்திருக்கிறது.

அந்தப் பட்டம் யாருக்குக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் என் குறிப்பேடுகளைப் பார்த்து எழுதித் தேறிய ஆசீர்வாதம் இன்று இந்தச் சபையின் குருவானவர். நான் அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டு குடியிருப்பு குடியிருப்பாக நடந்த பத்து ஆண்டுகளில் அவர் காண்டோன்மென்டை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. போன வாரம் மாதர் சங்கத்தில் மலை ஊழியம் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். ஒரு பிரசங்கத்தைக் கேட்க முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள், மழை வரும்போல இருக்கிறது என்று பாதியில் எழுந்து கிழங்கு தோண்டப் போனதைச் சொன்னேன். அவர்கள் கேட்க விரும்பியது அதுவல்ல. புலி வருமா என்று ஓர் அம்மாள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதிதாக ஒரு சிற்றாலயம் கட்டுகிறார்கள். கோபுரம் முடிந்துவிட்டது, மணி இல்லை. கோணேமலையில் நம் மணி சும்மா தொங்குகிறது என்பது ஆசீர்வாதத்துக்கு நினைவு வந்திருக்கிறது. நாற்பத்தெட்டில் இந்தச் சபையின் மாதர்தானே வாங்கி அனுப்பினார்கள், அதனால் அது திரும்ப வரவேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. நாலு ஆட்களை அமர்த்தி அடிவாரச் சந்தைவரை சுமக்கச் சொல். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம். மணிக்குத் துணையாக நீயும் வந்துவிடு. ஆளில்லாத கோயிலையும் அந்த ஜனங்களையும் காவல் காத்து உனக்கு என்ன ஆகப்போகிறது?

காய்ச்சல் மாத்திரை ஒரு பொட்டலம் இதோடு அனுப்புகிறேன். மழைக்காலம் வருகிறது. உனக்கென்று எடுத்து வைத்துக்கொள், எல்லாவற்றையும் அவர்களுக்கே கொடுத்துவிடாதே.

உன் கணவன்,
பால் ராஜேந்திரன்


பிரேசர் டவுன்
21 ஜூன் 1957

அன்புள்ள சரளாவுக்கு,

உனக்குக் கர்த்தர் சமாதானம் அருளட்டும். உன் கடிதம் எனக்கு அதை அருளவில்லை.

மணி சும்மா தொங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் இறங்கிய மறு வாரமே ஞாயிற்றுக்கிழமை அடிப்பதை நிறுத்திவிட்டாய். மலை ஜனங்களின் வழக்கப்படி, சாவு நேர்ந்தால் மட்டும் அடிப்பது என்று, அவர்கள் சார்பில் வந்த நாணுவோடு பேசி முடித்துக்கொண்டாய். போன மாதம் ரங்காவின் தாய் இறந்தபோது நீயே போய் அடித்தாய். ஒன்பது குடியிருப்பிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். இப்போது மணி அவர்களுடையது, எப்படி அனுப்புவது என்று கேட்கிறாய்.

என்னைக் கேட்காமல் இவ்வளவும் நடந்திருக்கிறது. போகட்டும். நடந்ததை நான் வரிசையாக எழுதுகிறேன். எங்கே என் தவறு என்று நீயே சொல்.

மணி மலைக்கு வந்த முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? ஓராண்டாக ஏழு பேருக்கு மேல் பார்த்திராத ஓலைக் கோயில் அது. அன்றைக்கு மணி அடித்த ஒரு மணி நேரத்துக்குள் அறுபது பேர் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு பிடி ராகி, ஒரு துண்டு விறகு. முதற்பலன்களைக் காணிக்கையாகக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நான் எண்ணினேன். எந்த உபதேசிதான் எண்ணமாட்டான்? இறந்த லாசருவை இயேசு எழுப்பிய அதிகாரத்தைப் பிரசங்கித்தேன். ஒருவரும் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு கிழவர் எழுந்து பீடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜெப ஆர்வம் என்று அதையும் எண்ணினேன். அன்று மாலையே அறிக்கை எழுதி அனுப்பினேன். மிஷன் பத்திரிகையில், மணியின் படத்தோடு, என் பெயரோடு வந்தது. என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான் சரளா. அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நீ சொன்னாய். நீ பெங்களூர் அடுகோடியில் கன்னடப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி வளர்ந்தவள், அவர்கள் பேச்சு உனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எனக்குப் புத்தகக் கன்னடம். அந்த மலையில் உலோகத்தை அடித்து ஓசை எழுப்பினால் ஒரே அர்த்தம், யாரோ இறந்துவிட்டார்கள். கேட்டவன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, யார் என்று கேட்காமல், ஒரு பிடி ராகியும் ஒரு விறகும் எடுத்துக்கொண்டு வரவேண்டும். ராகி சாவு வீட்டுக்கு, விறகு ராத்திரி நெருப்புக்கு. பீடத்துக்குப் பின்னால் போன கிழவர் தேடியது பிணத்தை.

நிறுத்திவிடுங்கள், கொம்பு ஊதிக் கூப்பிடலாம் என்றாய். நான் மறுத்தேன். பத்திரிகையில் வந்துவிட்ட செய்தியை எப்படித் திரும்பப் பெறுவது? மணி என்றால் ஆராதனை என்று அவர்களே போகப்போகப் புரிந்துகொள்வார்கள் என்றேன். புரிந்துகொண்டார்கள். இரண்டாம் ஞாயிறு நாற்பது பேர், அடுத்தது பதினைந்து, பிறகு பழைய ஏழு. மணி கேட்டாலும் களையெடுக்கிறவன் நிமிரமாட்டான். நாலு ஆண்டு, ஒரு ஞாயிறு தவறாமல் அடித்தேன்.

பிறகு அந்த ஞாயிறு. ஐம்பத்திரண்டு ஜூலை பதின்மூன்று. நீயும் நானும் ஐந்து வருஷமாக இந்தத் தேதியை வாயால் சொல்லவில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். விடியும்போது நம் ரூபி போய்விட்டாள். ஆறு வயது. அவள் காய்ச்சலுக்கான மாத்திரை அடிவாரத்தில் வெள்ளம் வடியக் காத்துக்கொண்டிருந்தது. அவளை உன் மடியில் விட்டுவிட்டு நான் ஓடிப்போய் மணியின் கயிற்றைப் பிடித்தேன். கை தோல் உரியும்வரை அடித்தேன். ஒருவனும் வரவில்லை. ஒன்பது குடியிருப்பிலும் ஒருவனுக்கும் காது இல்லை. மழையில் குழியை நானே தோண்டினேன். நீ அவளைத் தூக்கி வந்தாய்.

செவ்வாய்க்கிழமை நாணு தேன் கொண்டுவந்தான், காய்ச்சல்காரப் பிள்ளைக்கென்று. புது மண்ணைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அவனைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். அவன் ஒன்றுதான் சொன்னான். "நீங்க எப்பவும் அடிக்கிறதுதானே சாமி. அன்னைக்கு நெசமா அடிச்சீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவனை நான் மன்னிக்கவில்லை. அவர்களில் ஒருவனையும் மன்னிக்கவில்லை. அதன் பிறகு நாலு ஆண்டு அவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தேன். நீ என்ன செய்தாய்? அடுத்த வாரமே நாணுவின் மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் போனாய். ஒரு சொல் என்னைக் குறை சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நீ சொல்லவேயில்லை.

இப்போது அதே மணி அடித்தால் அவர்கள் வருகிறார்கள் என்று எனக்கு எழுதுகிறாய். அதைப் படித்து நான் சந்தோஷப்பட வேண்டுமா?

மணியை அனுப்பு. இது கமிட்டியின் உத்தரவு.

உன் கணவன்,
பா. ராஜேந்திரன்


பிரேசர் டவுன்
4 ஜூலை 1957

அன்புள்ள சரளா,

உன் நாலு வரி நேற்றுப் பகல் வந்தது. உத்தரவு என்று எழுதியதால் கீழ்ப்படிகிறாய். மணியை இறக்கிக் கோயிலுக்குள் சாக்கில் சுற்றி வைத்தாயிற்று, வெயில் அடித்ததும் நாணுவே ஆட்களோடு சுமந்து வருவான். அதுவரை சரி. கடைசி வரியில், நாணு ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தான் என்று எழுதியிருக்கிறாய். மணி மலையை விட்டுப் போகுமுன், ரூபிக்காக ஒரு தடவை அடிக்க வேண்டுமாம். அன்றைக்கு வராதது ஒன்பது குடியிருப்புக்கும் தீராத கடனாக நிற்கிறதாம். வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம்.

இதை வாங்கிப் படித்தபோது சந்திரம்மா குழாயடியிலிருந்து, "ஊட்லேந்தா ஐயரே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் கமிட்டி கூடியது. மணி எப்போது வரும் என்று ஆசீர்வாதம் கேட்டார். விரிசல் விட்டுவிட்டது, ஓசை கெட்டுவிட்டது, சுமந்து வருவது வீண் என்றேன். எழுத்தில் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். மணியைப் பற்றி நான் கொடுத்த முதல் அறிக்கை பொய் என்று தெரியாமல் எழுதியது. இது தெரிந்தே எழுதியது. பத்திரிகையில் இதைப் போடமாட்டார்கள். அந்தப் பழைய தாளை பைபிளிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இதனால் நான் இளகிவிட்டேன் என்று எண்ணாதே. ஆசீர்வாதம் என் குறிப்பேடுகளைப் பார்த்து எழுதியதை நான் மறக்கப்போவதில்லை. நாணுவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வருமா என்பதும் தெரியவில்லை. கேட்காமலே போனாலும் போகலாம். மணியை மறுபடி ஏற்றிக் கட்டச் சொல். கயிறு பழையது, மாற்று.

சாக்கைப் பிரித்ததும் அடித்துவிடாதே. பதின்மூன்றாம் தேதிவரை பொறு. கலாசிபாளையம் பஸ் நிலையத்தில் விசாரித்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி பஸ் ஏறினால் ராத்திரி அடிவாரச் சத்திரத்தில் தங்கலாம். அங்கே மலையிலிருந்து காற்று அடித்தால் மணி நன்றாகக் கேட்கும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். எனக்கு ஆள் அனுப்ப வேண்டாம். வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவும் வேண்டாம். மற்றவர்களைப் போல ஓசை கேட்டு ஏறி வருகிறேன்.

ராகி இங்கேயே வாங்கி ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். விறகு வழியில் பொறுக்கிக்கொள்வேன்.

இந்த வருஷம் பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமையில் வருகிறது. ஆராதனை மணி என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். கர்த்தர் உன் கைக்குப் பலம் தரட்டும். பலமாக அடி, சரளா.

ரூபியின் அப்பா