வால்வுப் பெட்டியின் ரீங்காரம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் பரணைத் துழாவி, அண்ணன் செய்த வால்வுப் பெட்டியை இறக்கினேன். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டு கண்ணாடி வால்வுகளும் பிழைத்திருக்கின்றன. ஆனால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம்.

மார்ச் 5

அதை அவன் செய்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சோதித்துப் பார்க்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, அம்மா பாத்திரம் உருட்டக்கூடாது, அப்பா இருமக்கூடாது. ஹெட்போன் மாட்டியிருப்பவன் அவன். வாயை மூட வேண்டியவர்கள் நாங்கள்! சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டுக் கண்ணை மூடுவான். உதடு கோணினால் ரீங்காரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பான். எங்கள் யாருக்கும் கேட்காதது அவனுக்குக் கேட்கும். பாம்புச் செவி. அந்த ஈயப்புகை வாசனை, வால்வின் ஆரஞ்சு வெளிச்சம் — எத்தனை சந்தோஷமாக இருந்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டியை அண்ணனின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். மேசை நிறையத் திரும்பி வந்த ஆம்ப்ளிஃபயர்கள்.

"ரீங்காரம் போகலைன்னு நாலு பேர் திருப்பிக் குடுத்துட்டாங்க. இப்பல்லாம் ஜனங்களுக்குக் காதே சரியில்ல" என்று பொரிந்தான்.

என்னுடையதைத் திறந்து ஏதோ மாற்றினான். தானே மாட்டிக் கேட்டான். உதடு கோணவில்லை.

"பாத்தியா? மயான அமைதி."

நானும் மாட்டிக் கேட்டேன். ம்ம்ம். கொஞ்சமும் குறையவில்லை.

"ஆமாண்ணா, போயிடுச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 15

அண்ணி போன் செய்தார். பத்து வருஷமாக வருகிற வாடிக்கையாளரும் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். "உங்கண்ணன் கடைய மூடிடலாம்ங்கிறாரு" என்றார். பாவம் அண்ணி.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடி பெட்டியோடு கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்குப் பொய் சொன்னேன். ரீங்காரம் இருக்கு. உனக்குத்தான் கேக்கல."

"எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா, டீச்சர்?" என் பெட்டியைத் தூக்கி என் கையிலேயே திணித்தான்.

பஸ்ஸில் அழுதேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் எதுக்கு வாயத் தொறந்தேன்? தொறக்காம இருந்திருந்தா மட்டும் — கடை போயிருக்கும். அவ்வளவுதானே?

மார்ச் 23

அண்ணனிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 2

அண்ணன் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போயிருக்கிறான். அண்ணி சொல்லித்தான் தெரியும். ரீங்காரம் மாதிரித் தாழ்ந்த ஸ்தாயிச் சத்தங்கள் பாதிக்கு மேல் காதில் விழவில்லையாம். அந்தக் காதுக்கா இப்படி? என் கோபமெல்லாம் போய்விட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அவனே கூப்பிட்டான். "சும்மாதானே இருக்க? பெட்டிய எடுத்துட்டுக் கடைக்கு வா."

போனேன். மன்னிப்பு, சமாதானம் எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்தான். ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

"இருக்கா?"

"இருக்கு."

உள்ளே ரீங்காரத்தைக் கிளப்புகிற ட்ரான்ஸ்ஃபார்மரை ஒரு மரக்கட்டையால் லேசாகத் திருப்பினான். "இப்ப?"

"கொறைஞ்சிருக்கு."

இன்னும் கொஞ்சம் திருப்பினான். சட்டென்று ஒன்றுமே இல்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

"சுத்தமா இல்லண்ணா. நெஜமா."

ஹெட்போனைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மூடியைப் போட்டுத் திருகிவிட்டு, அடுத்த பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தான்.