சாந்தாமணி எழுதிய புத்தகங்கள்

ஆவணி, ஞாயிறு

ஆடு வளர்ப்பைப் பற்றிய என் முதல் புத்தகம் நூலகத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க இன்று மகளோடு போனேன். சாந்தாமணி என்ற பெயரில் ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதிப்பாளர் சொன்னபோது நான் கேட்கவில்லை. அவர் சொன்னது சரிதான். கணினியில் 'சாந்தாமணி' என்று தேடியதும் சமையல், ஜோதிடம், ஜெபப் பாடல்கள், கணக்குப் பாடம் எல்லாம் வந்தன. கடைசியில் என் ஆடுகள்.

நூலகர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங்க, இத்தனையும் நீங்களே எழுதிப்போட்டீங்களா?"

தலையாட்டிவிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. "இல்லைங்க, ஆட்டுப் புத்தகம் மட்டுந்தானுங்க என்னுது" என்றேன். "எடுத்துக் காட்டுறீங்களா?"

"அது இங்க இல்லீங்க. தாராபுரத்துக்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரு. அடுத்து வாங்கறதுக்கும் ஆள் சொல்லி வெச்சிருக்குதுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் மகள்தான் பேசினாள். தாராபுரம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நான் இரண்டு தடவை கேட்டேன்.