தொட்டியில் மணல் போட்டாயிற்று

அரியலூர்,
24-8-46

மண்டபத்து மீன் ஆபீஸில் இருக்கும் மைத்துனன் செல்லப்பனுக்கு, மச்சான் இராமலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் பஞ்சவர்ணமும் மகள் தனமும், நீ ரயிலில் அனுப்பிய கடல் மீன்களும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை எழுது.

கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில் வைத்திருக்கிறோம். பவளப் பாறைத் துண்டுகளும் கடல்தண்ணீர் ஜாடிகளும் சேதமில்லை. சைக்கிள் பம்பால் தண்ணீருக்குள் காற்றடிக்கச் சொன்னாயே, அது என் உத்தியோகம். சைக்கிள் இல்லாதவனுக்குப் பம்பு எதற்கு என்று கேட்ட கடைக்காரன், இப்போது 'மீனுக்குக் காத்தடிக்கிறவர்' என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பொன்னாயி தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு சரியாத்தான் இருக்குங்க, புளிதான் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அடியில் மணல் போடுவதா, வெறும் கண்ணாடியாக விடுவதா என்பதை எங்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தாய். மணலில் அழுக்குத் தங்கும், வெறுமனே விட்டால் அள்ளிவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். நான் வெறும் கண்ணாடிக் கட்சி. என் வாய்க்கே அடியில் எதையும் மறைத்து வைக்கத் தெரியாது. தொட்டிக்கு மட்டும் எதற்கு?

ஆனால் அந்தப் பச்சைக் கோடு போட்ட மீன், விளக்கு வைக்கும் நேரமானால் தலையைக் கீழே விட்டுக் கண்ணாடியை முட்டியது. வாய் தோலுரிந்து போயிற்று. உன் அக்காள், "அது படுக்க எடம் தேடுதுங்க. உங்களுக்கு வேடிக்கை, அதுக்கு வூடு" என்றாள்.

மீன் பார்க்க வந்த ஊர்சனம் ஒரு கண்ணால் மீனையும் மறு கண்ணால் தனத்தையும் பார்த்தது. பிறந்த பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம், "எப்பம்மா புருஷன் வூட்டுக்குப் போற?" என்று கேட்பவர்களுக்கு நான்தான் பாய் போட்டு உட்கார வைத்திருக்கிறேன். அவள் நெல் வைக்கும் அறையில் முடங்கியதைப் பார்த்து, காற்றோட்டமாக இருக்கட்டுமென்று கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டவனும் நானே.

போன வாரம் தனம், யாரையும் கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். நம்மூர் ஓடைக்கரையில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடக்குமே, அந்த மணல். தண்ணீர் தெளியும்வரை அலசினாள். ஆற்று மணல் போதாதா என்றேன். "இங்க முன்னாடி கடல் இருந்துச்சாம்ப்பா. இது அதுக்குப் பழகின மண்ணு" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு பேசியது அன்றுதான்.

மணலைப் பரப்பியதும் மீன் தலைகீழாகப் பாய்ந்து மறைந்தது. விடிந்தும் காணோம். செத்துவிட்டதென்று துடைப்பக்குச்சியை உருவிக்கொண்டு போனேன். தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிண்டாதீங்கப்பா. வரணும்னு தோணுனா அதுவா வரும்."

செல்லப்பா, என்னை ஊரே கிண்டல்காரன் என்று சொல்லும். அந்தச் சொல்லின் வேர் எதுவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது. குச்சியைப் போட்டுவிட்டேன். வெயில் ஏறியதும் மணல் அசைந்தது, மீன் வந்தது. கட்டிலையும் நெல் அறைக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

விக்கிரமங்கலத்துச் சம்பந்தி வீட்டார் வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பெண்ணை இப்போதே அனுப்பாவிட்டால் பையனுக்கு வேறு இடம் பார்ப்பார்களாம். பதில் சொல்லாமல் நான் காற்றடித்துக்கொண்டிருக்கிறேன். நான் நிஜமாகவே பேசினாலும், எங்கே சிரிக்க வேண்டும் என்றுதான் காத்திருப்பார்கள். நீ தாய்மாமன். சபையில் உன் சொல்லுக்கு இடம் உண்டு. "பிள்ளை கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டும், மனசு தேறினால் அவளே சொல்லுவாள்" என்று நீ சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. நேற்று அவளாகவே என்னிடம், "மாமா வூட்டுல இருந்தா கடல் சத்தம் கேக்குமாப்பா?" என்றாள். கேட்கும் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதிவிடாதே. வியாழக்கிழமை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். மீன்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளை நீ பார்த்துக்கொள். உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
குச்சியைக் கீழே போட்ட உன் மச்சான்,
இராமலிங்கம்