நெயில் பாலிஷ் வைத்த ஜெட்

கெடிரி,
கரும்பு வெட்டு முடியும் சமயம்

ஹெருவுக்கு,

உன் அண்ணி ராத்மி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் இல்லாமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதினேன். மனசார எழுதவில்லை. நலமா என்றும் கேட்க மாட்டேன். நீ கடல் தாண்டிச் சமரிண்டா நிலக்கரித் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாக லாரி ஓட்டும் நோதோ பார்த்துவிட்டு வந்து சொன்னான். போன் நம்பரை மாற்றிக்கொண்டாய். கடிதத்திலிருந்து எப்படித் தப்புவாய்? அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணனின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். சுரபாயா ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் காப்பாற்றிவிடலாம் என்றார், பிறகு அதை வைத்திருந்தால் மற்றதும் கெட்டுவிடும் என்றார். கன்னத்து எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார். ஒரு பக்கமாக மென்று சோயாக் கட்டி டெம்பே சாப்பிடப் பார்த்து, வலி தாங்காமல் தட்டைத் தள்ளிவிடுகிறார்.

நீ செய்தது உனக்கே மறந்திருக்கும். கோபக்காரர்களுக்கு அந்த வசதி உண்டு. ஆகையால் சொல்கிறேன். சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கும் நேர்ச்சாலையில், பைக் பந்தயத்தில் பாதித் தூரம் போனதும் இன்ஜின் சீஸ் ஆகி இறுகிவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நீ பறந்தாய். நீ செத்தாய் என்று நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாருக்கும் முன்னால் ஓடியது உன் அண்ணன் சுகெங்தான். நீயோ கரும்புச் சோகைக்குள்ளிருந்து சிராய்ப்போடு எழுந்தாய், ஹெல்மெட்டைக் கழற்றினாய், அதாலேயே அவர் முகத்தில் அடித்தாய். "என்னைக் கொல்றதுக்குத்தானேடா இந்த இன்ஜினைக் கட்டுன?" என்று கத்திக் கத்தி அடித்தாய். அண்ணனை டா போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர் விழுந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. ஹெல்மெட் கண்ணாடி உடைந்து அந்தச் சில்லுதான் கண்ணில் போயிருக்கிறது. அவர் ஒரு கையைக்கூட ஓங்கவில்லை. மாடு கணக்காக இருக்கிற மனுஷன், நினைத்திருந்தால் உன்னை ஒரே கையால் மடக்கியிருப்பார். ஏன் மடக்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நீ கூட்டத்தில் புகுந்து ஓடிவிட்டாய். உன் மேல் பந்தயம் கட்டியவர்களுக்கு ஆத்திரத்தைக் காட்ட ஆள் வேண்டுமே. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அண்ணனின் பட்டறைக்கு வந்து வெல்டிங் மெஷினை நொறுக்கிப் போட்டார்கள். கம்ப்ரசரைத் தெருவில் உருட்டியிருக்கிறார்கள். உன்னோடு போட்டிக்கு நின்ற பசுகியின் ஆட்கள் பக்கத்தில் நின்று சிரித்தார்களாம்.

போலீஸ் வந்து கேட்டபோது, வண்டி மேலே விழுந்துவிட்டது என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். ஊரே பார்த்த விஷயம். எழுதிக்கொண்ட போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டறைப் பக்கத்து ஆட்கள் உன் காலை முறிக்காமல் விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் தடுக்க மாட்டேன்.

இந்தப் பக்கம் வராதே. வந்தால் முதல் அடி என்னுடையதாக இருக்கும், அதுவும் ஸ்பேனரால். அல்லாஹ் உன் அண்ணனின் மற்ற கண்ணைக் காப்பாற்றட்டும்.

ராத்மி



கெடிரி,
முதல் மழை பெய்த வாரம்

ஹெரு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதத்தை நீ வாசித்துவிட்டு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய் என்று நோதோ சொன்னான். இதையும் வாசி. வாசித்த பிறகு எங்கே வைத்துக்கொள்வாய் என்று பார்க்கிறேன்.

பசுகி ஆள் அனுப்பியிருந்தான். நம் வண்டியின் இன்ஜினைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டு. வந்தவன் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். வாசலில் உட்கார்ந்திருந்த உன் அண்ணனைப் பார்த்து, "சுகெங் அண்ணே, ஒரு கண்ணாலயே இவ்வளவு நல்லா மொறைக்கிறீங்களே, ரெண்டும் இருந்தப்ப இன்ஜினைப் பாத்துக் கட்டியிருக்கலாம்ல?" என்றான். கழற்றிப் போட்ட சைலன்சர், அந்த வயிறு பெருத்த சைலன்சர், என் காலடியில் கிடந்தது. எடுத்து அவன் வாயிலேயே ஒன்று போட்டேன். இரண்டு பல் நம் வாசலிலேயே விழுந்தன. அவன் கத்தியை உருவினான். நான் வெல்டிங் கேஸ் சுடரைப் பற்றவைத்து நீட்டினேன். ஓடிப்போய்விட்டான். இன்னும் ஒன்று போட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு இருந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் இன்ஜினைத் திறந்தேன். விபத்து நாளிலிருந்து சாக்கில் கிடந்தது, உன் அண்ணன் தொடவே இல்லை. என் புருஷன் கட்டிய இன்ஜின் எப்படிக் கெட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தச் சிலிண்டரின் துளைகளை அவர் அரம் பிடித்து அகலப்படுத்தியபோது பக்கத்தில் விளக்குப் பிடித்தவள் நான். பிரேமின் வாலை அறுத்து, கழுத்தில் தகடு வைத்து வெல்டிங் பண்ணி, எடை குறைய இரும்பில் துளை துளையாகப் போட்டதெல்லாம் என் கண் முன்னால்தான். உங்கள் அப்பா மீன் கூடை ஏற்றிக்கொண்டு போன வண்டி அது, அதைப் பந்தயக் குதிரையாக்கினவர் அவர். குறை வைக்கிற கை இல்லை.

பிஸ்டன் புகை போகிற பக்கம் உருகி வழிந்திருந்தது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது. உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலில்தான் ஆயில் கலந்து போகிறது, அது குறைந்தால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலை அளந்து விடுகிற அந்தத் துளைத் திருகை, ஜெட்டை எடுத்தேன். கடையில் விற்கிற ஜெட். துளை சின்னது. அதில் நெயில் பாலிஷ் இல்லை.

உன் அண்ணன் தன் கையால் போடும் ஒவ்வொரு திருகிலும் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பார், வேறு யாரும் கை வைத்தால் தெரிய வேண்டும் என்று. என் விரலுக்கு வைத்ததைவிட அந்த வண்டிக்கு வைத்ததுதான் அதிகம் என்று நீதான் கிண்டல் பண்ணுவாய். அன்றைக்கு நீ போடாமல் போன ரேஸ் ஜாக்கெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, எரித்துவிடலாம் என்று எடுத்தேன். பையில் ஏதோ உருண்டது. சிவப்புப் புள்ளி வைத்த ஜெட்.

பாவி. நீதான் மாற்றியிருக்கிறாய். சின்ன ஜெட் போட்டால் கடைசித் தூரத்தில் இன்னும் கொஞ்சம் பறக்கும், பசுகியை முந்திவிடலாம் என்று அண்ணனுக்குத் தெரியாமல் மாற்றினாய். இன்ஜின் பிடித்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், அது உன் தப்பு என்று. தெரிந்தே அடித்தாயா? அவமானத்தில் அடித்தாயா? எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு ஜெட்டையும் உள்ளங்கையில் வைத்து உன் அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஒன்றையும் தொடவில்லை. "வண்டி லைன்ல நிக்கும்போதே சத்தம் வறண்டு வந்துச்சு ராத்மி. மாத்திட்டான்னு அப்பவே தெரியும். கையை ஆட்டிக்கிட்டே ஓடினேன், அதுக்குள்ள கொடி விழுந்துருச்சு" என்றார். அடிக்கும்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். "எவ்வளவு பேர் அவன் மேல பணம் கட்டியிருந்தாங்க, பாத்தேல்ல? இவனே ஜெட்டை மாத்திக் கெடுத்தான்னு நான் வாயத் தொறந்திருந்தா, அங்கேயே பிச்சுப் போட்டிருப்பாங்க. என்னை அடிச்சது ஒருத்தன்தானே" என்றார்.

அந்த நேரத்தில் உன்னைவிட அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கஞ்சிச் சட்டியைச் சுவரில் எறிந்தேன். பிறகு அதைத் துடைத்துக்கொண்டே அழுதேன். எனக்கு அழுகை எப்போதும் பிந்தித்தான் வரும்.

இதை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாங்கவில்லை, மறந்துவிட்டார் போலிருக்கிறது. துறைமுகத்தில் கவனமாக இரு என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் கவனமாக இரு.

ராத்மி



கெடிரி,
நோன்பு மாதம், கடைசி வாரம்

தம்பி ஹெருவுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை மனசாரச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

பெருநாள் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அதே நேர்ச்சாலையில் பந்தயம். பசுகிக்கு எதிராக உன் அண்ணன் வண்டி ஓட்டப் போகிறார். அவரேதான். ஒற்றைக் கண்ணோடு.

எப்படி ஆனது என்று கேள். பட்டறைக்கு இப்போது யாரும் வருவதில்லை. தம்பியையே கொல்லப் பார்த்தவன் என்று பெயராகிவிட்டது. சிலிண்டர் வேலைக்கு விட்டிருந்தவர்கள்கூட வந்து பாதி வேலையிலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். காப்பிக்கடையில் அத்தனை பேர் முன்னால் பசுகி, "உன் கையால கட்டுன இன்ஜின்ல இனிமே எந்தப் பைத்தியக்காரன்டா உக்காருவான்?" என்று கேட்டிருக்கிறான். இவர் காப்பியை அவன் முகத்தில் ஊற்றியிருக்கிறார். நாற்காலி பறந்திருக்கிறது, யாரோ பாட்டிலை உடைத்து இவர் முழங்கையைக் கிழித்திருக்கிறார்கள். விலக்கிவிட்டபோது மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் உக்காருவேன்டா" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். உங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாது, அதுவும் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காது.

உருகிய பிஸ்டனை மாற்றி அதே வண்டியைத் திரும்பக் கட்டிவிட்டார். உனக்கென்று அளவெடுத்து அறுத்த பிரேம் அது. இவர் உட்கார்ந்தால் தொப்பை டாங்கியில் இடிக்கிறது, முழங்கால் கைப்பிடியைத் தொடுகிறது. பார்த்தால் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. கரும்புக் காட்டு வழியில் ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம் எவ்வளவு தூரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மைல்கல்லில் மோதித் தோள் இறங்கிவிட்டது. தோளைத் தானே தூணில் இடித்து ஏற்றிக்கொண்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது உனக்கு மட்டும்தான் புரியும். அந்த இன்ஜினுக்குக் கடை ஜெட் எதுவும் பொருந்தாது. ஒன்று போட்டால் வறண்டு பிடிக்கும், அதற்கு அடுத்த அளவு போட்டால் பெட்ரோலில் மூழ்கி வேகம் ஏறவே ஏறாது. அதனால்தானே அவர் கடை ஜெட்டை வாங்கி, மயிர் போன்ற துரப்பணத்தால் தன் கையால் துளையைப் பெரிதாக்கினார். இப்போது புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியவில்லை. துரப்பணம் கோணலாக இறங்கி முறிகிறது. பித்தளையைப் பாழாக்கிப் பாழாக்கிக் கடைசியில் பெட்டியோடு சுவரில் அடித்தார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில்கூடக் கத்தவில்லை. நீ எடுத்தது கண்ணை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி.

சரியான ஜெட் ஒன்றுதான் இருக்கிறது, உன் ஜாக்கெட்டில் கிடைத்தது. அது எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்று சொன்னேன். நம்பவில்லை. வீட்டைக் கலைத்துத் தேடினார், என் கையைப் பிடித்து முறுக்கினார். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எழுத்து இப்படிக் கோணலாக இருப்பது அதனால்தான். முறுக்கிவிட்டு அவரே விட்டுவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் என் மேல் கை வைத்தது இதுதான் முதல் தடவை. இந்த வீட்டில் இன்னும் என்னென்ன உடைய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "சின்ன ஜெட்டைப் போட்டே ஓட்டுறேன். பிடிச்சா பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சொல்வதைச் செய்கிறவர்.

ஜெட் தொலையவில்லை. இந்தக் கவருக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நெயில் பாலிஷ் அழியாமல் பார்த்துக்கொள்.

அதை எடுத்துக்கொண்டு நீ வர வேண்டும். கப்பல் டிக்கெட்டுக்கு நோதோவிடம் பணம் கொடுத்திருக்கிறேன். பெருநாளன்று வீட்டுக்கு வந்து, எல்லாரும் செய்வது போல மண்டியிட்டு, அண்ணன் முழங்காலில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்டு, பலகாரம் தின்றுவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்காதே. அன்றைக்கு ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற மன்னிப்பு அது, அவரும் தலையைத் தடவிக் கொடுத்துவிடுவார், கதை முடிந்துவிடும். அப்படியானால் வரவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வா. வண்டியை லைனில் நிறுத்தியதும், பசுகியும் பந்தயம் கட்டியவர்களும் பார்க்க, அங்கே மண்டியிடு. ஜெட்டைக் கையில் உயர்த்திப் பிடித்து, நான்தான் மாற்றினேன் என்று உன் வாயால் சொல். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள், அவர் சாகிறவரை சொல்ல மாட்டார். நீதான் மிச்சம்.

அடிப்பார்கள். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், மோசமாக அடிப்பார்கள். ஸ்பேனரோடு நான் உன் பக்கத்தில் நிற்பேன், அது உனக்காக இல்லை என்று நினைத்துக்கொண்டாலும் சரி. அண்ணன் தடுக்க வருவார், அவரைத் தடுக்காதே. அதற்குப் பிறகு உன்னால் எழுந்து நிற்க முடிந்தால், ஜெட்டை நீயே மாட்டி, நீயே உட்கார். அந்தப் பிரேம் உனக்குத்தான் பொருந்தும். அவர் எப்போதும் சொல்வதை மறக்காதே, இன்ஜின் பிடித்தால் உடனே இழுக்க இரண்டு விரல் கிளட்ச்சிலேயே இருக்கட்டும்.

பெருநாள் கடிதம் எழுதுகிறவர்கள் உள்ளும் புறமும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி முடிப்பார்கள். நான் இப்போது அதை எழுதவில்லை. அந்த இடத்தைக் கீழே காலியாக விட்டிருக்கிறேன். கடிதத்தைக் கொண்டு வா, உன் எதிரில் எழுதித் தருகிறேன்.

உன் வழி தடையில்லாமல் இருக்கட்டும். கப்பல் சரியான நேரத்துக்குக் கரை சேரட்டும்.

உன் அண்ணி,
ராத்மி