சூரிச்சில் கண்டக்டர் கிடையாது

ஜூன் 3, 1996

விடியற்காலையிலிருந்தே சாரல். காந்திபுரம்–தொண்டாமுத்தூர், போகிற நடை, முதல் சிங்கிள். பஸ்ஸில் மொத்தம் ஏழே பேர். பின் சீட்டோரம் நின்றபடி, சூரிச்சிலிருந்து மகள் ஸ்டெல்லா எழுதிய கடிதம், இரண்டாம் தடவை. பிரசவத்துக்கு ஒருவர் வரலாமாம், டிக்கெட்டை மாப்பிள்ளை எடுத்துவிடுவாராம். யார் என்று எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன? இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர், பஸ்ஸிலேயே குடியிருக்கிறவன் நான். என் வீட்டுக்காரி ஆரோக்கியம் உக்கடம் தாண்டித் தனியாகப் போனதில்லை.

நான் கேட்டிருந்த சூரிச் விவரம்:
– ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் ரயில், பத்து நிமிஷம்.
– டிராம், பஸ், ரயில் எல்லாத்துக்கும் ஒரே சீட்டு. ஏரியில் கப்பலுக்கும்!
– இரண்டு தடவை போகிற காசுக்கு நாள் முழுக்கச் சுற்றலாம்.
– கண்டக்டர் கிடையாது. மெஷினில் நாமே எடுத்துக்கொண்டு ஏறணும். செக்கிங்கில் மாட்டினால் அபராதம்.

அங்கே ஒரு தடவை போகிற காசில் தொண்டாமுத்தூருக்குப் பதினைந்து நாள் போய் வரலாம். பகல்கொள்ளை. ஆனாலும், கப்பல்...

ஜூன் 5

பேரூர் தாண்டினால் மலையைக் காணோம். மேகம் கீழே இறங்கி, ஏரி மாதிரி. வெள்ளைக் கப்பலில் நிற்கிறேன். தோளில் பை இல்லை, வாயில் விசில் இல்லை. "ஏனுங் கண்டக்டர், எறங்கோணும்னு எத்தன வாட்டிங்க சொல்றது?" ஒரு அம்மா. இரண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டேன். டிரைவர் சிரிசிரியென்று சிரித்தான். குடை வாங்கணும்.

ஜூன் 8

பக்கத்து வீட்டு போனில் ஸ்டெல்லா. "அம்மாவ அனுப்புங்கப்பா. அம்மா பக்கத்துல இருந்தாத் தேவலைங்கப்பா."

பிரசவத்துக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவாள். இதுகூடத் தெரியாதா எனக்கு? "செரி கண்ணு" என்றேன்.

ஆரோக்கியத்துக்கு ஒரே பயம். "ஏனுங்க, கண்டக்டரே இல்லீனா எறங்கற எடத்த யாருங்க சொல்லுவாங்க?" பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தும் மனசு கேட்கவில்லை. அரிசி டின்தான் மெஷின், கட்டில்தான் டிராம். காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு. செக்கிங் ஆபீசராக நான். முதல் தடவை ஆரோக்கியம் சீட்டில்லாமல் ஏறி மாட்டிக்கொண்டாள். "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க சார்." சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், இரண்டு பேருக்கும். கடிதத்திலிருந்த ஸ்டாப் பெயரெல்லாம் வரிசையாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 12

பேத்தி! இரண்டு பேரும் சுகம்.

ஆரோக்கியம் போய் இறங்கினபோது ஏர்போர்ட்டுக்கு யாரும் வரவில்லையாம். மாப்பிள்ளை ஸ்டெல்லாவோடு ஆஸ்பத்திரியில். விமானத்தில் துணைக்குப் போன நர்ஸும் வேறு ஊருக்கு ரயிலேறிவிட்டாள். ஆரோக்கியம் தனியாகச் சீட்டு எடுத்து, ரயில், பிறகு டிராம், நேரே மகள் வீட்டு வாசல், மாப்பிள்ளை வந்து திறக்கிறவரைக்கும் படியிலேயே. போனில் அவள் குரலே வேறு மாதிரி.

"ஜன்னலோரமா உக்காந்துட்டு வந்தனுங்க. ஏரி தெரிஞ்சுதுங்க. நீங்க வந்திருந்தாலும் நின்னுட்டேதான வந்திருப்பீங்க."